கன்சோல் விற்பதில் தயாரிப்பாளருக்கு லாபமா, நஷ்டமா?

முதல்லெவல் (கேள்வி)

கேம் ஆடுற பெட்டி, அதாவது கன்சோல் பத்தி ரொம்ப நாளா தீராத சந்தேகம். "கன்சோலை நஷ்டத்துக்குத்தான் விக்கிறாங்க, கேம்ல எடுத்துடுறாங்க"ன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா சோனியோட பிஎஸ்4 (பிளேஸ்டேஷன் 4) வந்தப்போ அதைப் பிரிச்சுப் பார்த்து விலை போட்ட ஐஎச்எஸ் நிறுவனம், செலவு 381 டாலர்னு சொல்லுச்சு. விலை 399. அப்போ பெட்டிக்கு 18 டாலர் லாபம்தானே? நஷ்டம்ங்கிற பேச்சு எங்கேருந்து வருது?

ரெண்டாவது: நின்டெண்டோ ஒருநாளும் நஷ்டத்துக்கு விக்காதுங்கிறது உண்மையா?

மூணாவது: முன்னெல்லாம் அஞ்சு வருஷத்துல கன்சோல் விலை பாதியாகும். பிஎஸ்5 அஞ்சு வருஷம் கழிச்சு ஏறியிருக்கு. இது பேராசையா, இல்ல கணக்கே மாறிடுச்சா?

கம்பெனி விசுவாசச் சண்டை வேண்டாம் மக்களே, கணக்கோட சொல்லுங்க.

---

வரவுசெலவு

அந்த 18 டாலர் லாபம் இல்லை. 381 என்பதில் 372 டாலர் பாகங்கள், 9 டாலர் கோர்ப்புக் கூலி. அவ்வளவுதான். ஆலை வாசலில் பெட்டி மூடப்படும் வரைக்குமான கணக்கு அது.

வாசலைத் தாண்டியதும் என்னென்ன சேர்கிறது என்று பாருங்கள். கப்பல் கூலி, கிடங்கு, காப்பீடு, வீடியோ மற்றும் டிஸ்க் காப்புரிமைக் கட்டணம், உத்தரவாதக் காலத்தில் திரும்பி வரும் பெட்டிகளுக்கான ஒதுக்கீடு, விளம்பரம். எல்லாவற்றுக்கும் மேல், 399 டாலர் என்பது நீங்கள் கடையில் கொடுக்கும் பணம். தயாரிப்பாளர் கைக்குப் போவது அதுவல்ல. கன்சோலில் கடைக்காரர் பங்கு மிகக் குறைவு. இருந்தாலும் 5 சதவீதம் என்று வைத்தால்கூட 20 டாலர். 18 டாலர் அங்கேயே முடிந்துவிட்டது. அதே ஐஎச்எஸ், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் கன்சோலுக்கு 471 டாலர் போட்டது, விலை 499. அதற்கும் இதே கதிதான்.

ஆகவே "லாபமா" என்று கேட்பவரிடம் முதலில் "எந்தச் செலவைக் கழித்துவிட்டு" என்று திருப்பிக் கேட்க வேண்டும். பாகங்களின் விலையை மட்டும் கழித்தால் ஒரு விடை. கடைக்குப் போய்ச் சேரும் வரையிலான செலவைக் கழித்தால் வேறு விடை. வடிவமைப்புக்கும் ஆராய்ச்சிக்கும் முன்கூட்டியே கொட்டிய பணத்தை ஒவ்வொரு பெட்டி மீதும் பரப்பினால் மூன்றாவது விடை. நிறுவனங்கள் பேட்டியில் "இப்போது நஷ்டமில்லை" என்று சொல்லும்போது பெரும்பாலும் இரண்டாவதைச் சொல்கின்றன. பிரித்துப் பார்க்கும் நிறுவனங்கள் சொல்வது முதலாவதை. இரண்டையும் ஒரே தராசில் வைத்துத்தான் பாதிச் சண்டை நடக்கிறது.

இப்போது நிஜமான நஷ்டம் எப்படி இருக்கும் என்று பார்க்க 2006 நவம்பருக்குப் போவோம். பிஎஸ்3. ஐசப்ளை நிறுவனத்தின் மதிப்பீட்டில் 20 ஜிபி மாடலுக்குப் பாகங்களும் கோர்ப்பும் சேர்த்து 805.85 டாலர், விலை 499. 60 ஜிபி மாடலுக்கு 840.35 டாலர், விலை 599. கழித்துப் பார்த்தால் சின்ன மாடலில்தான் பள்ளம் பெரியது: 306 டாலருக்கு மேல். பெரிய மாடலில் 241. இரண்டு மாடலுக்கும் செலவு வித்தியாசம் 34.50 டாலர்தான், விலை வித்தியாசமோ 100. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், டிஜிட்டல் எடிஷன் (டிஸ்க் டிரைவ் இல்லாத மாடல்) பேச்சு வரும்போது உதவும்.

2007 மார்ச்சில் முடிந்த ஆண்டில் சோனியின் கேம் பிரிவு நஷ்டம் 23,230 கோடி யென். அடுத்த ஆண்டும் 12,000 கோடி யென்னுக்கு மேல். ஆரம்ப ஆண்டு இவ்வளவு மோசமாகத் தெரிவதற்குக் கணக்கியல் காரணம் ஒன்றும் உண்டு. கிடங்கில் இருக்கும் சரக்கை அடக்க விலைக்கும் குறைவாகத்தான் விற்க முடியும் என்று தெரிந்துவிட்டால், விற்கும் வரை காத்திருக்காமல் அந்த நஷ்டத்தை முன்கூட்டியே ஏட்டில் எழுத வேண்டும். வெளியீட்டுக்காகக் குவித்த பெட்டிகள் விற்காமலே நஷ்டம் காட்டும்.

மைக்ரோசாஃப்ட் பக்கம் ஒளிவு மறைவே இல்லை. 2021 மே மாதம் எபிக்–ஆப்பிள் வழக்கில் எக்ஸ்பாக்ஸ் துணைத் தலைவர் லோரி ரைட், கன்சோல் விற்பனையில் லாபம் பார்த்ததே இல்லை என்று சாட்சியம் சொன்னார். 2022-இல் அப்போதைய எக்ஸ்பாக்ஸ் தலைவர் ஃபில் ஸ்பென்சர் பெட்டிக்கு 100 முதல் 200 டாலர் வரை கைக்காசு போடுகிறோம் என்றார். முதல் சாட்சியத்தைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் படிக்க வேண்டும். ஆப்பிள் தன் ஆப் கடையில் 30 சதவீதம் எடுப்பது நியாயமா என்பதுதான் அந்த வழக்கின் சாரம். "நாங்கள் பெட்டியில் நஷ்டப்படுகிறோம், அதனால் எங்கள் 30 வேறு" என்று சொல்வதில் அவர்களுக்கு ஆதாயம் இருந்தது.

---

சில்லுக்கணக்கு

மேலே சொன்னது ஒரு நாள் நிலவரம். கன்சோல் வியாபாரமே ஏழெட்டு வருஷ ஆட்டம். முதல் வருஷம் 100 டாலர் நஷ்டம், நாலாவது வருஷம் 40 டாலர் லாபம்னு வந்தா மொத்தத்துல தப்பிச்சிடலாம். அந்தச் செலவு இறக்கம் எங்கேருந்து வருதுன்னு பார்க்கணும், ஏன்னா எல்லாப் பாகமும் ஒரே மாதிரி இறங்காது.

நல்லா இறங்குறது சிப். அதே டிசைனைச் சின்ன நானோமீட்டர் முறைக்கு (இன்னும் நுணுக்கமா செதுக்குற உற்பத்தி முறை) மாத்தினா சிப்போட பரப்பு குறையும், ஒரே வட்டத் தகட்டுல (வேஃபர்) கூடுதலா வெட்டலாம். கணக்குப் போட்டே பாருங்க. 300 மில்லிமீட்டர் வேஃபரோட பரப்பு சுமார் 70,686 சதுர மி.மீ. அதைச் சிப் பரப்பால வகுக்கணும். ஓரத்துல வீணாகிறதைக் கழிக்கணும். கழிக்க வேண்டிய அளவு, வேஃபர் சுற்றளவை (942 மி.மீ.) சிப் பரப்பின் இருமடங்கோட வர்க்கமூலத்தால வகுத்தா வரும்.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் சிப் 360 சதுர மி.மீ.: 196-லேருந்து 35 போக 161 சிப்.
பிஎஸ்5-இன் முதல் 7 நானோமீட்டர் சிப் ஏறக்குறைய 308: 229-லேருந்து 38 போக 191.
2022-ல வந்த 6 நானோமீட்டர் பிஎஸ்5 சிப் ஏறக்குறைய 260: 272-லேருந்து 41 போக 230-க்குப் பக்கம்.

இதுலயும் எல்லாம் தேறாது. சதுர சென்டிமீட்டருக்கு 0.1 பழுதுன்னு வச்சுக்கிட்டா (இது உதாரணத்துக்கு நான் எடுத்த எண்), 308-ல ஏறக்குறைய 73 சதவீதம் தேறும், 260-ல 77. அதாவது 140 நல்ல சிப் இருந்த இடத்துல 177. ஒரே தகடு, கால் பங்குக்கு மேல கூடுதல் சரக்கு. சின்னதா வெட்டினா எண்ணிக்கையும் கூடும், பழுதுல மாட்டுற வாய்ப்பும் குறையும். ரெட்டை ஆதாயம்.

பழுதானதை முழுசா குப்பையில போடாம இருக்க இன்னொரு வழி இருக்கு: கொஞ்சம் கூடுதலா வச்சுச் செஞ்சு சிலதை அணைச்சுடுறது. பிஎஸ்5 சிப்புல 40 கிராஃபிக்ஸ் அலகு இருக்கு, ஓடுறது 36. சீரிஸ் எக்ஸ்ல 56-ல 52. பிஎஸ்3-ஓட செல் சிப்புல 8 துணைக் கோர்ல ஒண்ணை ஆரம்பத்துலயே மூடிட்டாங்க. ஏதோ ஒண்ணுல பழுது இருந்தாலும் பெட்டிக்குள்ள போயிடும்.

சிப் சின்னதானா கரண்ட் குறையும். வெப்பத்தகடு, மின்விசிறி, பவர் சப்ளை எல்லாம் கூடவே இளைக்கும். பிஎஸ்5 டிஸ்க் மாடல் 4.5 கிலோவுல ஆரம்பிச்சு 3.9-க்கு வந்து, ஸ்லிம் (மெலிஞ்ச) மாடல்ல 3.2 ஆச்சு. அலுமினியமும் செம்பும் காசு, அதைவிடக் கப்பல்ல அது பிடிக்கிற இடம் காசு. சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்ங்கிற நிலைமை வராம பார்த்துக்கணும்ல.

இப்போ இறங்காதது. ஹார்ட் டிஸ்க் நல்ல உதாரணம். மோட்டார், தலை, உறைன்னு ஒரு அடிமட்ட விலை இருக்கு. 8 ஜிபி ஆனாலும் 80 ஜிபி ஆனாலும் அதுக்குக் கீழே போகாது. 2001-ல 299 டாலருக்கு வந்த முதல் எக்ஸ்பாக்ஸ்ல ஒவ்வொரு பெட்டியிலயும் 8 ஜிபி டிஸ்க். நாலு வருஷம் கழிச்சும் அந்தச் செலவு அப்படியே நின்னுச்சு.

அதைவிடப் பெரிய தப்பு, சிப்புகளோட டிசைன் உரிமை மைக்ரோசாஃப்ட் கையில இல்ல. இன்டெல், என்விடியா கிட்ட முடிஞ்ச சிப்பா வாங்கினாங்க. சின்னதாக்கினா மிச்சமாகிற காசு விக்கிறவனுக்கு, வாங்குறவனுக்கு இல்ல. விலைக்காக என்விடியாவோட மத்தியஸ்தத்துக்குப் போய் 2003-ல சமரசம் ஆச்சு. எக்ஸ்பாக்ஸ் 360-க்கு ஐபிஎம், ஏடிஐ கிட்ட டிசைனுக்கு உரிமம் வாங்கிட்டு, உற்பத்தியைத் தாங்களே வெளியில கொடுத்தாங்க. அதனாலதான் 90 நானோமீட்டர்ல ஆரம்பிச்சு, 65-க்கு வந்து, 2010-ல சிபியூ (மையச் சிப்), ஜிபியூ (கிராஃபிக்ஸ் சிப்) ரெண்டையும் 45-ல ஒரே சிப்பா சேர்க்க முடிஞ்சது.

ஆனா 360 இன்னொரு விஷயத்தையும் காட்டுச்சு. சூடேறி ஆறி சூடேறி ஆறி, சிப் பொதிக்குள்ள இருந்த இணைப்புகள் விரிசல் விட்டுச்சு. சிவப்பு வளையம் எரியும், பெட்டி செத்துடும். 2007 ஜூலையில உத்தரவாதத்தை 3 வருஷமா நீட்டி, அதுக்குன்னே 100 கோடி டாலருக்கு மேல ஒதுக்கினாங்க. சிப்புல வருஷக்கணக்கா மிச்சம் பிடிக்கிறதை ஒரு வெப்பப் பிரச்சனை ஒரே காலாண்டுல விழுங்கிடும்.

பாகத்தையே தூக்கிடுறதும் ஒரு வழி. பழைய கேம் ஓட, முதல் பிஎஸ்3-ல பிஎஸ்2-வோட சிப்பையே உள்ளே வச்சிருந்தாங்க. ஐரோப்பாவுக்கு வந்த மாடல்ல பாதி போச்சு, 40 ஜிபி மாடல்ல முழுசா போச்சு. நாலு யூஎஸ்பி ரெண்டாச்சு, மெமரி கார்டு ரீடர் காணாமப் போச்சு. 2009 செப்டம்பர்ல ஸ்லிம் 299 டாலருக்கு வந்ததுக்குப் பின்னாடி இத்தனை கத்தரிப்பு இருக்கு.

மூணாவது கேள்விக்குப் பதில் இங்கதான் இருக்கு. பிஎஸ்2 2000-ல 299 டாலர், 2002-ல 199, 2004-ல 149, 2009-ல 99. பிஎஸ்5 2020-ல 499, 2025 ஆகஸ்ட்ல 549. அந்தக் காலத்துல அடுத்த முறைக்குப் போனா ஒரு டிரான்சிஸ்டரோட (சிப்புக்குள்ள இருக்கிற குட்டி சுவிட்ச்) விலை பாதியாச்சு. இப்போ புதுமுறை வேஃபரோட விலையே எகிறுது. பரப்புல மிச்சமாகிறது தகட்டு விலையில கரையுது. போதாக்குறைக்கு 16 ஜிபி மெமரியும், கேமைச் சேமிக்கிற எஸ்எஸ்டியும் சந்தை விலையில வாங்குற சரக்கு. 2025 கடைசியில மெமரி விலை எகிறினப்போ கன்சோல்காரங்களும் அதே சந்தையில, டேட்டா சென்டர்காரங்களுக்குப் பின்னாடிதான் வரிசையில நின்னாங்க. பேராசை இல்லைன்னு சொல்லல. ஆனா "நாலாவது வருஷம் லாபம் தானா வரும்"ங்கிற பழைய ஏணி ஒடிஞ்சுபோச்சு.

---

பழைய கார்ட்ரிட்ஜ்

இருவரும் பெட்டியைப் பற்றியே பேசிவிட்டார்கள். நஷ்டத்தை ஏன் தாங்குகிறார்கள் என்பதற்குப் பெட்டிக்குள் இருக்கும் பூட்டைப் பார்க்க வேண்டும்.

1977-இல் வந்த அட்டாரி 2600-இல் பூட்டே கிடையாது. 1979-இல் அட்டாரியை விட்டு வெளியேறிய நிரலாளர்கள் ஆக்டிவிஷனைத் தொடங்கி, அதே பெட்டிக்குக் கார்ட்ரிட்ஜ் போட்டார்கள். அட்டாரியால் வழக்குப் போட முடிந்ததே தவிர, பெட்டி அந்தக் கார்ட்ரிட்ஜை மறுக்கும்படி செய்ய முடியவில்லை. நின்டெண்டோ இதைப் பார்த்துப் பாடம் படித்தது. அமெரிக்காவுக்கு 1985-இல் கொண்டுபோன என்இஎஸ் பெட்டியில் ஒரு சின்ன சிப், ஒவ்வொரு கார்ட்ரிட்ஜிலும் அதன் ஜோடி. இரண்டும் ஒத்துப் பேசாவிட்டால் பெட்டி திரும்பத் திரும்ப ரீசெட் ஆகிக்கொண்டே இருக்கும். கார்ட்ரிட்ஜை நின்டெண்டோவே செய்து கொடுக்கும். கேம் நிறுவனம் முன்பணம் கட்டி வாங்க வேண்டும், விற்காவிட்டால் அது அவர்கள் பாடு. இன்றைய எல்லாக் கன்சோலும் இந்தச் சுங்கச்சாவடியின் வாரிசுதான்.

இந்தச் சாவடி இல்லாமல் பெட்டி விற்றால் என்ன ஆகும் என்பதற்கு 1993-இன் 3டிஓ இருக்கிறது. அதை வடிவமைத்த நிறுவனம் பெட்டி செய்யவில்லை. பானசோனிக், கோல்ட்ஸ்டார், சான்யோ போன்றவர்கள் உரிமம் வாங்கிச் செய்தார்கள். கேமுக்கு 3 டாலர் ராயல்டி, அது வடிவமைத்தவருக்கு. பெட்டி செய்பவருக்குக் கேமிலிருந்து வருமானம் கிடையாது, ஆகவே லாபம் முழுவதையும் பெட்டியிலேயே எடுத்தாக வேண்டும். விளைவு, பானசோனிக் விலை 699 டாலர். கேம் நிறுவனங்களுக்கு 3 டாலர் ராயல்டி தேனாக இருந்தது, ஆனால் பெட்டி வாங்க ஆள் இல்லை. இரண்டு வருடம் கழித்து பிளேஸ்டேஷன் 299-க்கு வந்தபோது கதை முடிந்தது.

இதே வித்தியாசத்தை இன்றைய கைக்கணினிகளிலும் பார்க்கலாம். 2022-இல் ஸ்டீம் டெக் 399 டாலருக்கு வர முடிந்ததற்குக் காரணம், கணினி கேம் விற்கும் ஸ்டீம் கடை அதைச் செய்யும் வால்வ் நிறுவனத்தின் கையில் இருப்பது. விண்டோஸ் போட்டு அதே வகைக் கருவி விற்கும் மற்றவர்களுக்கு கேம் விற்பனையில் ஒரு காசு வராது. அவர்கள் விலை ஏன் மேலே நிற்கிறது என்று இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

சாவடி வசூல் எவ்வளவு? 60 டாலர் டிஸ்க்கில் கன்சோல்காரருக்கு ஏறக்குறைய 7 டாலர் என்பது பழைய பொதுக்கணக்கு. டிஜிட்டல் கடையில் 30 சதவீதம், அதாவது 70 டாலர் கேமுக்கு 21. சொந்த ஸ்டூடியோ கேம் என்றால் முழுவதும் அவர்களுக்கே, தயாரிப்புச் செலவும் அவர்கள் தலையிலேயே. ஆன்லைன் சந்தா தனி: சோனியின் பிஎஸ் பிளஸ் அடிப்படைத் திட்டம் வருடத்துக்கு 59.99 ஆக இருந்தது, 2023 செப்டம்பரில் 79.99 ஆனது.

பெட்டிக்கு 60 டாலர் பள்ளம் என்று வைத்தால் நிரப்ப 8 அல்லது 9 டிஸ்க் கேம் வேண்டும். டிஜிட்டலில் 3 போதும். சந்தா கட்டுபவர் என்றால் ஒரு வருடத்துக்குள் பெரும்பகுதி நிரம்பிவிடும். அப்புறம் கன்ட்ரோலர், ஹெட்செட், சார்ஜர். யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்ப்பானா என்ற நம்பிக்கையில் விலை போட்ட சரக்கு அது. 2025 ஏப்ரலில் அமெரிக்க இறக்குமதி வரிக் குழப்பத்தின்போது நின்டெண்டோ தன் ஸ்விட்ச் 2 கன்சோலின் 449.99 விலையைத் தொடாமல், ஜாய்கான் 2 கன்ட்ரோலரை 89.99-இலிருந்து 94.99 ஆக்கியதைக் கவனித்தீர்களா? செய்தித் தலைப்பில் வருவது பெட்டி விலை மட்டும்தான்.

இதன் மறுபக்கம், பெட்டியை மட்டும் வாங்கிவிட்டு ஒரு கேமும் வாங்காதவர். அமெரிக்க விமானப்படை ஆய்வகம் 2010-இல் 1,700-க்கும் மேற்பட்ட பிஎஸ்3 பெட்டிகளைக் கோத்து ஒரு மீக்கணினி கட்டியது. செல் சிப்பின் கணக்குத் திறன் அந்த விலைக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. கிடைக்காததற்குக் காரணம் கேம் வருமானத்தை நம்பி விலை வைத்திருந்தது. இதற்கு உதவிய, வேறு இயங்குதளம் நிறுவும் வசதி 2009 ஸ்லிம்மிலேயே இல்லை; பழைய பெட்டிகளிலிருந்தும் 2010 ஏப்ரலில் நீக்கினார்கள். சோனி சொன்ன காரணம் பாதுகாப்பு.

---

முதல்லெவல்

நிறைய தெளிவாச்சு, நன்றி. அப்போ டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மாடல்தான் அவங்களுக்கு லாபமா? ஒரு பாகம் மிச்சம், ஆடி முடிச்ச கேம் டிஸ்க்கை மறுபடி விக்கிற சந்தையும் அடைபடுது. நின்டெண்டோ கேள்வியும் பாக்கி இருக்கு.

---

வரவுசெலவு

அந்த 20 ஜிபி பிஎஸ்3 கணக்கை மறுபடி எடுங்கள். 2020-இல் டிஜிட்டல் பிஎஸ்5 399, டிஸ்க் மாடல் 499. டிரைவின் அடக்க விலை 25 டாலர் என்று ஊகித்தால் ஒவ்வொரு டிஜிட்டல் பெட்டியிலும் 75 டாலர் கூடுதல் பள்ளம். 2021 ஆகஸ்டில் சோனி சொன்னதும் அதற்கு ஒத்துப்போகிறது: 499 மாடல் இனி நஷ்டத்தில் இல்லை, டிஜிட்டல் மாடலின் நஷ்டத்தைத் துணைக்கருவிகள், பிஎஸ்4 விற்பனை மூலம் ஈடுகட்டுகிறோம்.

பிறகு எப்படித் திரும்ப வரும்? 70 டாலர் கேமுக்கு 21 வருகிறது, டிஸ்க்கில் 10 என்று தாராளமாகவே வைப்போம். கேமுக்கு 11 டாலர் கூடுதல். 75-ஐ எட்ட 7 கேம். முழுவிலைக்கு 7 கேம் வாங்கக்கூடியவருக்கு டிஜிட்டல் மாடலை விற்றால் லாபம். தள்ளுபடிக்காகவே காத்திருப்பவருக்கு விற்றால் நீண்டநாள் பள்ளம். இந்தப் பள்ளத்தை அவர்களே மூடிவிட்டார்கள் என்பதுதான் முக்கியம். 2023 ஸ்லிம்மில் டிஜிட்டல் 449 ஆனது, டிரைவைத் தனியாக 79.99-க்கு விற்றார்கள். அடிப்படைப் பெட்டி ஒன்றே என்பதால் எந்த மாடல் எத்தனை செய்வது என்ற தலைவலியும் குறைந்தது. 2024-இல் பிஎஸ்5 ப்ரோ 699.99-க்கு வந்தது, டிரைவ் கிடையாது. நஷ்டத்துக்கு விற்று ஆள் சேர்க்கும் விலை இல்லை அது.

நாணயமாற்றையும் மறக்கக் கூடாது. பாகங்களுக்கு டாலரில் கட்டுகிறார்கள், ஜப்பானில் யென்னில் விற்கிறார்கள். யென் சரிந்தால் சொந்த நாட்டில் விற்கும் ஒவ்வொரு பெட்டியும் நஷ்டம். டிஸ்க் மாடல் பிஎஸ்5 அங்கே வரியோடு 54,978 யென்னில் தொடங்கி 2024 செப்டம்பரில் 79,980 ஆனது அதனால்தான். விலையை ஏற்றாமல் வைத்தால் வேறு ஆபத்து: வெளிநாட்டு வியாபாரிகள் மலிவாக வாங்கிக் கடத்திவிடுவார்கள், கேம் வருமானம் வேறு நாட்டுக் கடையில் விழும். நின்டெண்டோ இதற்குக் கண்ட வழி சாமர்த்தியமானது. ஸ்விட்ச் 2-ஐ ஜப்பானிய மொழி மட்டும் உள்ள பெட்டியாக 49,980 யென்னுக்கும், பலமொழிப் பெட்டியாக 69,980-க்கும் விற்றது.

---

பழைய கார்ட்ரிட்ஜ்

"நின்டெண்டோ ஒருநாளும் நஷ்டத்துக்கு விற்காது" என்பது தவறு. பெரும்பாலும் விற்பதில்லை என்பது சரி.

3டிஎஸ் என்ற கையடக்கக் கன்சோல் 2011-இல் 249.99 டாலருக்கு வந்து, விற்பனை படுத்ததால் அதே ஆகஸ்டில் 169.99 ஆனது. ஜப்பானில் 25,000 யென் 15,000 ஆனது. அந்த வெட்டுக்குப் பின் அடக்க விலைக்கும் கீழே விற்றார்கள். 2012 மார்ச்சில் முடிந்த ஆண்டில் நிறுவனமே நிகர நஷ்டம் காட்டியது, 4,320 கோடி யென். தலைவர் இவாத்தா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். அடுத்து வந்த வீ யூ (Wii U) கன்சோலும் தொடக்கத்தில் நஷ்டம்தான். ஒரு கேம் வாங்கினாலே லாபத்துக்கு வந்துவிடும் என்றார்கள், கணக்கு சரிதான். பெட்டியே மொத்தம் 1.356 கோடிதான் விற்றது என்பதுதான் பிரச்சனை. சில்லுக்கணக்கு சொன்னதுபோல, வீ யூவின் திரை வைத்த கன்ட்ரோலர் சிப் மாதிரி இளைக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு 2017-இல் ஸ்விட்ச். தலைவர் கிமிஷிமா தொடக்கத்திலிருந்தே நஷ்டமின்றி விற்போம் என்றார். எப்படி முடிந்தது என்றால், சந்தையில் 2015 முதலே இருந்த என்விடியா டெக்ரா எக்ஸ்1 வகைச் சிப், 720 பிக்சல் திரை. புதிய சிப்புக்கு முன்பணம் கொட்டவில்லை. அமெரிக்காவில் 299.99 டாலரை எட்டு வருடம் குறைக்கவே இல்லை, 2025 ஆகஸ்டில் ஏற்றினார்கள்.

ஒரு பெட்டிக்கு எத்தனை கேம் என்ற விகிதத்தை இங்கே பலர் லாபத்தின் அளவுகோலாக எடுக்கிறார்கள், அது ஏமாற்றும். நின்டெண்டோவின் இரண்டு பழைய கன்சோல்களைப் பாருங்கள். கேம்கியூப்: 2.174 கோடி பெட்டி, 20.86 கோடி கேம், விகிதம் 9.6. வீ (Wii): 10.16 கோடி பெட்டி, 92.19 கோடி கேம், விகிதம் 9.1. விகிதத்தை மட்டும் பார்த்தால் கேம்கியூப் ஜெயித்ததாக ஆகும்! அதிலும் வீ எண்ணில் 8.29 கோடி வீ ஸ்போர்ட்ஸ் கேம் இருக்கிறது, ஜப்பானுக்கு வெளியே பெரும்பாலும் பெட்டியோடு சேர்த்துக் கொடுத்தது. அதை எடுத்துவிட்டால் 8.3. பெட்டி குறைவாக விற்றால் வாங்கியவர்கள் எல்லாம் தீவிர ரசிகர்களாக இருப்பார்கள், விகிதம் ஏறும். கோடிக்கணக்கில் விற்றால் ஒரே ஒரு கேமுக்காக வாங்கியவர்களும் சேருவார்கள், விகிதம் இறங்கும், பணம் கூடும்.

---

முதல்லெவல்

கடைசியா ஒண்ணு. நிறைய பேர் இலவச கேம் மட்டும்தான் ஆடுறாங்க. அவங்களால அந்தப் பள்ளம் எப்படி நிரம்பும்? ஆண்டறிக்கையில இதையெல்லாம் எந்த வரியில பார்க்கணும்?

---

வரவுசெலவு

சோனியின் கேம் பிரிவு அறிக்கையில் வன்பொருள், டிஸ்க், டிஜிட்டல் முழு கேம், கூடுதல் உள்ளடக்கம், சேவைகள் எனத் தனித்தனி வரிகள் இருக்கும். "கூடுதல் உள்ளடக்கம்" என்ற வரிக்கு நேராகப் போங்கள். இலவச கேமுக்குள் வாங்கும் உடை, ஆயுதம், பருவச் சீட்டு (சீசன் பாஸ்) எல்லாம் அங்கே விழும். அதிலும் சாவடிக் கட்டணம் உண்டு. சில ஆண்டுகளாகவே அந்த வரி டிஜிட்டல் முழு கேம் வரியைவிடப் பெரியது. ஆனால் இலவச கேம் ஆடுபவர்களில் பெரும்பாலோர் ஒன்றும் வாங்க மாட்டார்கள், சிலர் அளவுக்கு மீறி வாங்குவார்கள். ஆகவே அங்கே "ஒரு பெட்டிக்கு இவ்வளவு" என்று சராசரி போடுவதில் பொருளில்லை.

பெட்டியில் நஷ்டம் இருக்கிறதா என்பது எங்கும் தனி வரியாக வராது. மறைமுகமாகப் பார்க்கலாம். பெட்டிகள் அதிகம் விற்ற காலாண்டில் வருமானம் துள்ளி, லாப விகிதம் மட்டும் சரிந்தால், வன்பொருளின் லாபம் மெலிந்தது அல்லது இல்லை. ஸ்விட்ச் 2 வெளியான 2025 ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நின்டெண்டோவுக்கு இதுதான் நடந்தது. பெட்டியின் பங்கு கூடியதும் மொத்த லாப விகிதம் இறங்கியது. அடுத்த இரண்டு மூன்று காலாண்டில் பெட்டி விற்பனை அதே அளவில் இருந்து விகிதம் ஏறினால் அடக்க விலை குறைகிறது என்று அர்த்தம். பெட்டி விற்பனை விழுந்ததால் விகிதம் ஏறினால் அது ஆரோக்கியமான ஏற்றம் இல்லை. ஆகவே விகிதத்தோடு பெட்டி எண்ணிக்கை வரியையும் பக்கத்தில் வைத்தே படியுங்கள்.